ஓதம் காக்கும் சுண்ணாம்பு மண்ணில் நாங்கள் செய்தது

நான் வாக்கப்பட்டு வந்த ஊர் தாண்டிக்குடி. காபியும் மிளகும்தான் பிழைப்பு. மலையில் மண் புளிப்பு. பெய்கிற மழை மண்ணிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக் கீழே கொண்டுபோய்விடும். காபிக்கு அவ்வப்போது டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் பொடியைப் போட்டு அதை ஈடுகட்டுவோம். அம்மா வழியில் எனக்கு வந்த நிலம் மலைக்கு வடக்கே, பழனிப் பக்கம், சண்முகநதியை ஒட்டி இருக்கிறது. அங்கே நிலைமை நேர்மாறு. நாம் ஒரு கைப்பிடி போடாமலே மண் முழுக்கச் சுண்ணாம்பு. அதோடு ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீர் தை வரைக்கும் வடிவதில்லை. இந்த இரண்டும் ஒரே நிலத்தில் சேர்ந்தால் என்ன ஆகும், அதை எப்படிப் படிப்படியாகக் கையாண்டோம் என்பதை எழுதி வைக்கிறேன். ஆற்றோரத்தில் இதே மாதிரி நிலம் வைத்துக்கொண்டு திணறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

நிலத்தைப் பார்த்துக்கொள்வது என் மாமா, அம்மாவின் தம்பி. ஆயக்குடி வட்டாரம் கொய்யாவுக்குப் பேர் போனது என்பதால் அவரும் கொய்யா வைத்திருந்தார். மரங்கள் சாகவில்லை, ஆனால் தேறவும் இல்லை. கொழுந்து இலைகள் வெளிறி மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். அடி இலைகள் நன்றாகவே இருக்கும். இந்த அடையாளத்தைக் கவனிக்க வேண்டும். தழைச்சத்துக் குறைவென்றால் முதலில் மஞ்சளாவது முதிர்ந்த இலை. கொழுந்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் பெரும்பாலும் இரும்புச்சத்துதான் போய்ச் சேரவில்லை. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, வேருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உரக்கடையில் ஜிப்சம் போடச் சொல்லியிருக்கிறார்கள். "போட்டா காரம் இறங்கிரும்னு சொன்னாங்க கண்ணு, ரெண்டு வருசமா போட்டுப் பாத்துட்டேன், ஒண்ணும் மாறல" என்றார் மாமா. மாறாது. ஜிப்சம் களர் நிலத்துக்கான மருந்து. மண் துகளில் சோடியம் ஒட்டிக்கொண்டிருந்தால் அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியத்தை வைப்பது அதன் வேலை. எங்கள் மண்ணிலோ கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, சோடியம் குறைவு. கார அமில நிலை (pH) 8.5-க்கு மேல் போனால் சோடியத்தைச் சந்தேகிக்கலாம். சுண்ணாம்பால் மட்டும் ஏறியது என்றால் பெரும்பாலும் எட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். பிறகு ஆய்வகத்தில் பார்த்தபோது எங்களுக்கு வந்தது 8.2.

எதுவும் வாங்குவதற்கு முன்னால் குழி வெட்டுவோம் என்று முடிவு செய்தோம். பங்குனியில், நிலம் காய்ந்த பிறகு, ஆற்றிலிருந்து உள்ளே போகப் போக மூன்று இடத்தில் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி. நான் மிகவும் கற்றுக்கொண்டது இங்கேதான்.

ஆற்றுக்கு மிக அருகில்தான் ஓதம் அதிகமாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். குழி வேறு மாதிரிச் சொன்னது. வெள்ளம் கரையைத் தாண்டும்போது வேகம் குறைவதால் கனமான மணலை முதலில் இறக்கிவிடுகிறது. ஆகவே கரையோரம் கொஞ்சம் மேடாக, மணல் கலந்து, வடிகிற மண்ணாக இருக்கும். நுண்ணிய களி தண்ணீரோடு தூரம் போய், ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கும் பள்ளத்தில் மெதுவாகப் படிகிறது. எங்கள் நிலத்தில் தண்ணீர் நிற்கும் துண்டு ஆற்றிலிருந்து தள்ளி இருக்கும் துண்டுதான். கொய்யா நின்றதும் அங்கேதான்.

பள்ளத்துக் குழியில் மேலே முக்கால் அடி கறுத்த களி. அதற்குக் கீழே மண்ணின் நிறம் மாறியது: சாம்பல் பூத்த அடிநிறம், அதில் துருப்பிடித்த ஆணியை அழுத்தி எடுத்த மாதிரிச் செம்பழுப்புப் புள்ளிகள், பழைய வேர் போன துளைகளைச் சுற்றித் துரு வளையம். தண்ணீர் நிற்கும் மாதங்களில் மண்ணுக்குள் காற்று இல்லாமல் போய் இரும்பு கரைந்து நகர்கிறது, அதனால் சாம்பல் நிறம். தண்ணீர் இறங்கியதும் காற்று புகும் வழியெல்லாம் அந்த இரும்பு துருவாகப் படிகிறது. மழைக்காலத்தில் நீர்மட்டம் எதுவரை ஏறுகிறது என்பதை அந்தப் புள்ளிகள் தொடங்கும் இடமே காட்டிவிடும், வேனிலில் குழி எலும்பாகக் காய்ந்திருந்தாலும் சரி. எங்களுக்கு அது முக்கால் அடியில் தொடங்கியது. கொய்யா வேருக்கு அது போதவே போதாது.

இன்னும் கீழே, இரண்டரை அடியில், மண்வெட்டி கணீர் என்று பட்டது. சுக்கான் கல். நெல்லிக்காய் அளவில் வெள்ளை வெள்ளையாய் உருண்டைகள். நிலத்தடி நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு, நீர் மேலே ஏறி ஆவியாகும்போது தங்கித் தங்கி இப்படிக் கட்டி ஆகிறது. தண்ணீர் வடியாததும் சுண்ணாம்பு சேர்வதும் தனித்தனிக் கோளாறு இல்லை என்பது அந்தக் குழிக்குள் நின்று பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மேலே மலையில் மழை மிகுதி, சரிவும் உண்டு, சுண்ணாம்பு கழுவப்பட்டுவிடுகிறது. கீழே மழை குறைவு, வெயில் கடுமை, வடிய வழியில்லை. வந்தது தங்கிவிடுகிறது.

தெரிந்த வேதியியல் ஆசிரியர் ஒருவர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் கொண்டுவந்தார். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணுக்குத் தள்ளி வைத்து, ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் எடுத்த மண்ணில் ஒரு சொட்டு விட்டார். சுண்ணாம்பு இருந்தால் அமிலம் பட்டு நுரைக்கும். கரையோர மணலில் லேசான சலசலப்பு. பள்ளத்து மேல்மண்ணில் நன்றாகவே நுரைத்தது. சுக்கான் கல் அடுக்கில் சொட்டு பட்டதும் பொங்கி வழிந்தது. மாமா அதை மறுபடியும் மறுபடியும் விடச் சொல்லிப் பார்த்தார்.

அப்புறம் ஆய்வகத்துக்கு மண். மூன்று துண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும், கலக்கக் கூடாது. மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, 'வி' வடிவத்தில் முக்கால் சாண் வெட்டி, பக்கவாட்டிலிருந்து சீராக ஒரு சீவல். பல இடத்தில் எடுத்துச் சேர்த்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும் வரை குறைக்க வேண்டும். மரப்பயிர் என்றால் ஒவ்வொரு அடி ஆழத்துக்கும் தனியாக. வழக்கமான அறிக்கையில் சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும்தான் வரும். எவ்வளவு சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் பள்ளத்துக்கு 12 சதவீதம் வந்தது.

அந்த எண் கையில் வந்ததும் ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஏக்கரில் அரை அடி ஆழத்து மண் ஏறக்குறைய 800 டன். அதில் ஒரு சதவீதச் சுண்ணாம்பு என்றால் எட்டு டன். அதைக் கரைக்க இரண்டரை டன் கந்தகம் வேண்டும். 12 சதவீதத்துக்கு 30 டன். இது மேல்மண்ணுக்கு மட்டும்! அதோடு கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்பைக் கொண்டுவருகிறது, சுடுதண்ணீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். சுண்ணாம்பை எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தை அன்றைக்கே விட்டோம். தண்ணீரை மட்டும்தான் நம்மால் நகர்த்த முடியும்.

தண்ணீரை நகர்த்தினாலே மஞ்சளும் குறையும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வேரும் நுண்ணுயிரும் விடுகிற கரியமில வாயு, ஈரம் நிறைந்த மண்ணிலிருந்து வெளியேற முடியாமல் சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட் ஆகிறது. அதுதான் வேர் இரும்பை எடுப்பதைத் தடுக்கிறது. அடைமழைக்குப் பின் மஞ்சள் கூடுவதும் கோடையில் மரம் கொஞ்சம் தெளிவதும் அதனால்தான். மாமா இதைப் பல வருடமாகக் கண்ணால் பார்த்திருக்கிறார். காரணம் தெரிந்ததும், "அப்போ இத்தனை நாளா மரத்துக்கு வைத்தியம் பாத்தேன், தண்ணிக்குப் பாக்கல" என்றார்.

வடிகால் வெட்டுவதில் மண்ணைவிட மனிதர்கள்தான் நேரம் எடுத்தார்கள். நிலத்தின் தாழ்ந்த மூலையிலிருந்து ஓடை வரை ரசமட்டக் குழாய் வைத்துப் பார்த்தோம். சரிவு கிடைத்தது, ஆனால் கடைசிப் பகுதி பக்கத்துக் காட்டுக்காரர் வரப்போரம். அவர் நிலத்திலும் தண்ணீர் நிற்கிறது, அதுவும் இதில் வடியும் என்று புரிந்த பிறகு சம்மதித்தார். ஓடை புறம்போக்கை நாங்கள் தொடவில்லை, அது நம்முடையது இல்லை. மூன்றடி ஆழத் திறந்த வாய்க்கால், கரை சரியாமல் இருக்க மேலே அகலமாக. இதில் ஒன்றை எல்லோருக்கும் சொல்வேன்: வாய்க்காலில் இருந்து வரும் சுக்கான் மண்ணை வயலில் பரப்பிவிடாதீர்கள். தனியே எடுத்துப் பாதைக்குப் போடுங்கள். அதே காரணத்தால், நிலத்தைச் சமன் செய்கிறேன் என்று ஜேசிபியை ஆழமாக இறக்கவும் கூடாது. அடியில் கிடக்கும் சுண்ணாம்பு மேலே வந்துவிட்டால் பிறகு அதைக் கீழே அனுப்ப வழியில்லை.

மரங்களை அதுவரை தாக்குப்பிடிக்க வைக்க லிட்டருக்கு ஐந்து கிராம் இரும்பு சல்பேட், கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் தெளித்தோம். சில நாளில் மஞ்சள் இலையில் துளி விழுந்த இடமெல்லாம் பச்சைப் புள்ளியாக மாறியிருந்தது, மற்ற இடம் அப்படியே மஞ்சள். இரும்புதான் குறை என்பதற்கு இதைவிட நேரடிச் சாட்சி இல்லை. ஆனால் அடுத்த கொழுந்து மறுபடி மஞ்சளாகத்தான் வரும், திரும்பத் தெளிக்க வேண்டும். இரும்பு சல்பேட்டை இந்த மண்ணில் போடுவது வீண், சீக்கிரமே கரையாத வடிவத்துக்குப் போய்விடும். மண்ணில்தான் போட வேண்டும் என்றால் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்ற கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்பு, அதாவது கரையும் வடிவிலேயே பிடித்து வைக்கப்பட்ட இரும்பு, தாங்கும். ஈடிடிஏ (EDTA) இந்தக் காரத்தில் தாங்காது. பொட்டலத்தில் எது என்று படித்து வாங்குங்கள், விலையும் பார்த்துக்கொள்ளுங்கள், அது கொஞ்சம் அதிகம்தான்.

கடைசியில் பள்ளத்துத் துண்டில் ஒரு பகுதியை நெல்லுக்கே கொடுத்தோம். நெல்லைப் பொறுத்தவரை இந்த மண் கெட்ட மண் இல்லை. தண்ணீர் கட்டிச் சில வாரத்தில் காற்றில்லாத சேற்றில் கார அமில நிலை ஏழுக்குப் பக்கத்தில் இறங்குகிறது, இரும்பும் கரைந்து கிடைக்கிறது. கொய்யாவை வாட்டிய அதே தண்ணீர் நெல்லுக்கு உதவுகிறது. குறைவது துத்தநாகம். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலையில் துருப் புள்ளி வந்து பயிர் வளராமல் குட்டையாக நின்றால் அதுதான். அதனால் ஏக்கருக்கு பத்து கிலோ துத்தநாக சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் இட்டோம், மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தோடு கலக்காமல். மணிச்சத்தையும் இந்த மண் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே தொழுவுரத்தோடு சேர்த்து இடுவது நல்லது. யூரியாவை மேலாக வீசினால் பாதி வரைகூடக் காற்றோடு போய்விடலாம், சேற்றுக்குள் போக வேண்டும்.

நடவுக்கு முன்னால் ஆடியில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு, ஏக்கருக்கு 20 கிலோ விதை. சணப்பு தண்ணீர் நின்றால் தாங்காது, தக்கைப்பூண்டு தாங்கும். பூக்கிற பருவத்தில், 45 நாளில், மடக்கி உழுதுவிட்டோம். மட்கும்போது அது விடும் அமிலங்கள் வேர் சுற்றியுள்ள இடத்திலாவது சத்துகளை இளக்கும். களியும் கொஞ்சம் பொலபொலப்பாகும்.

புதுக் கொய்யாக் கன்றுகளைக் கரையோர மேட்டில் வைத்திருக்கிறோம், அங்கும் மேட்டுப் பாத்தியில்தான். பழைய மரங்களில் வாய்க்காலை ஒட்டியவை இந்த முறை மழைக்குப் பிறகும் கொழுந்து பச்சையாகவே விட்டன. நடுவில் நிற்பவை இன்னும் மஞ்சள்தான். களியில் பக்கவாட்டில் தண்ணீர் மெதுவாகத்தான் நகரும், ஒரு வாய்க்கால் அவ்வளவு தூரம் இழுக்காது. வருகிற பங்குனியில் நடுவே இன்னொரு கிளை வாய்க்கால் வெட்டுவதா, அந்த மரங்களை எடுத்துவிட்டு அதையும் நெல்லோடு சேர்ப்பதா என்று மாமாவும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். கிளை வாய்க்கால் வெட்டலாம் என்பது என் பக்கம்.