கருவின் ஈசிஜி: கழித்தலில் கவனிக்க வேண்டியவை

தாயின் வயிற்றில் ஒட்டிய எலக்ட்ரோடு தாய், குழந்தை இருவரின் இதயத்தையும் சேர்த்தே பதிவு செய்கிறது. குழந்தையின் துடிப்பைப் பார்க்கத் தாயின் பங்கைக் கழித்தாக வேண்டும். தாயின் ஆர் பீக் (ஒவ்வொரு துடிப்பிலும் உயர்ந்து நிற்கும் கூர்முனை) 200 மைக்ரோவோல்ட் இருக்கும் பதிவில் குழந்தையுடையது 20ஐத் தாண்டினாலே நல்ல பதிவு. தாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 துடிப்பு, குழந்தைக்கு 110 முதல் 160. வேகம்தான் வேறாயிற்றே, ஒரு ஃபில்டர் போதாதா என்றால், போதாது. இருவரின் கியூஆர்எஸ் அலைகளின் (ஆர் பீக்கும் அதை ஒட்டிய அலைகளும்) அதிர்வெண்களும் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. ஃபில்டர் செய்யக்கூடியது மூச்சினால் வரும் அடிக்கோட்டு ஆட்டத்தையும் மின்கம்பி இரைச்சலையும் நீக்குவது மட்டுமே. அதையும் முன்னும் பின்னுமாக இருமுறை ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பீக்குகள் இடம் நகர்ந்துவிடும்.

பாடப்புத்தக வழி, 1975இல் விட்ரோ குழு காட்டிய, தன் எடைகளை (பெருக்கு எண்களை) தானே திருத்திக்கொள்ளும் தகவமைப்பு ஃபில்டர். மார்பில் ஒட்டும் லீடுகளில் (பதிவு இணைப்புகளில்) தாயின் சிக்னல் மட்டும் கிடைக்கும். அதை வைத்து வயிற்றில் தெரியும் தாயின் பங்கை ஊகித்துக் கழித்தால் மிச்சம் குழந்தை. அவர்கள் வைத்தது நான்கு மார்பு லீடுகள். ஒன்றே ஒன்று போதாததற்குக் காரணம் உண்டு: இதயத்தின் மின் திசை துடிப்புக்குள்ளேயே முப்பரிமாணத்தில் சுழல்கிறது, ஒரு லீடு அதன் ஒரு நிழலைத்தான் பார்க்கிறது. எடைகளை ஒவ்வொரு முறையும் எவ்வளவு திருத்துவது என்ற படி அளவைக் கூட்டினால் குழந்தையின் கியூஆர்எஸ்ஸே எடைகளை உலுக்கும். குறைத்தால் தாய் மூச்சு விடும்போது வரும் மாற்றத்தைப் பிடிக்க முடியாது.

மார்பு லீடு இல்லாமல் வயிற்றில் நான்கு சேனல் மட்டும் இருந்தால் டெம்ப்ளேட் கழித்தலே (தாயின் சராசரித் துடிப்பை அச்சாக வைத்துக் கழிப்பது) என் தேர்வு. தாயின் ஆர் பீக்குகளைக் கண்டுபிடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னே 250, பின்னே 450 மில்லிசெகண்ட் வெட்டி, கடைசி பத்துப் பதினைந்து துடிப்புகளைச் சராசரியாக்கி, அளவு பொருத்திக் கழிக்க வேண்டும். துடிப்பின் பி, கியூஆர்எஸ், டி அலைகள் மூன்றுக்கும் அளவைத் தனித்தனியே பொருத்தினால் மிச்சம் குறையும்.

எல்லாம் கெடுவது பீக்குகளை ஒன்றோடொன்று நேர்படுத்தும் இடத்தில். 250 ஹெர்ட்ஸ் பதிவில், அதாவது நொடிக்கு 250 சாம்பிள் (அளவீடு) எடுக்கும் பதிவில், இரு சாம்பிள்களுக்கு நடுவே 4 மில்லிசெகண்ட். பீக்கின் இடம் 2 மில்லிசெகண்ட் வரை தவறலாம். தாயின் ஆர் அலை 20 மில்லிசெகண்டில் 200 மைக்ரோவோல்ட் ஏறுகிறது என்று வைத்தால், அந்தத் தவறு விட்டுச்செல்லும் மிச்சம் 20 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு முழு குழந்தைத் துடிப்பு! பீக்குகளைத் தேடும் டிடெக்டர் அதை மகிழ்ச்சியோடு எண்ணிக்கொள்ளும். ஆகவே முதலில் 1000 ஹெர்ட்ஸுக்கோ அதற்கு மேலோ வரும்படி சாம்பிள்களுக்கு நடுவே மதிப்புகளை இடைச்செருகி, பிறகு டெம்ப்ளேட்டோடு குறுக்கு ஒப்புமை (எந்த நகர்வில் அதிகம் ஒத்துப்போகிறது என்ற கணக்கு) பார்த்து ஒவ்வொரு துடிப்பையும் நகர்த்திப் பொருத்துங்கள்.

இன்னொரு பொறி: தாய்க்கு 70, குழந்தைக்குச் சரியாக 140 என்று அமைந்துவிட்டால் குழந்தையின் துடிப்பு ஒவ்வொரு டெம்ப்ளேட்டிலும் ஒரே இடத்தில் விழும். சராசரியில் அது கரையாது. கழிக்கும்போது குழந்தையும் சேர்ந்து போய்விடும். இப்படிப்பட்ட பகுதியில் சராசரிக்கு எடுக்கும் நேரத்தை நீட்டுவதே வழி.

சேனல்களில் கலந்திருக்கும் சிக்னலை ஒன்றையொன்று சாராத கூறுகளாகப் பிரிக்கும் சார்பற்ற கூறு பகுப்பாய்வும் பலர் கையாளும் வழிதான். ஆனால் தாயின் இதயமே இரண்டு மூன்று கூறுகளை எடுத்துக்கொள்ளும். நான்கு சேனலில் குழந்தைக்கும் இரைச்சலுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஒன்றோ இரண்டோதான். வெளிவரும் கூறுகளின் வரிசையும் குறியும் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். எது குழந்தை என்று நிரல்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கருவுற்ற 28 முதல் 32 வாரம் வரை பதிவு மங்கினால் நிரலைக் குறை சொல்லாதீர்கள். குழந்தையின் தோலை மூடும் வெர்னிக்ஸ் மின்சாரத்தைத் தடுக்கிறது.

கிடைத்த பீக்குகளைத் தாயின் பீக்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவை தாயின் பீக்குக்கு 20 மில்லிசெகண்டுக்குள் விழுந்தால் பிடித்தது குழந்தையை அல்ல, கழித்த மிச்சத்தை. இரு துடிப்புகளும் உண்மையிலேயே மோதும் இடங்களும் உண்டு. சராசரி வேகம் மட்டும் வேண்டுமானால் அங்கே பக்கத்துத் துடிப்புகளை வைத்து நிரப்பலாம். துடிப்புக்குத் துடிப்பு வரும் மாறுபாட்டை அளப்பதானால் நிரப்பக் கூடாது, விடுபட்டது என்றே குறிக்க வேண்டும்.