நான்காவது வடை

தீபாவளிக்குச் சென்னையிலிருந்து மதுரைக்கு இரண்டு கார்களில் கிளம்பினோம். என்னுடையது மின்சாரம், மச்சானுடையது பெட்ரோல். சுமார் 460 கிலோமீட்டர். விழுப்புரம் தாண்டி ஓர் உணவக வாசலில் சார்ஜரைக் கண்டு நிறுத்தினால், அதன் திரை இருண்டு கிடந்தது. அடுத்ததில் எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள். திருச்சியைத் தாண்டிவிட்ட மச்சான் போனில் கேட்டார்: "என்ன மாப்பிள்ளை, இன்னும் வடைதான் சாப்பிடுகிறீர்களா?" அது நான்காவது வடை. சொல்லவில்லை.

ஊருக்குள் கதையே வேறு. இரவு செருகிவிட்டுப் படுத்தால் காலையில் கார் தயார். அவரோ லிட்டருக்கு நூறு ரூபாய் கொடுத்து, கத்திப்பாரா நெரிசலில் நின்றபடியே எரிக்கிறார். "உங்கள் மின்சாரம் மட்டும் நிலக்கரியில்தானே வருகிறது?" என்பார். உண்மைதான், நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு அப்படித்தான். ஆனால் பெட்ரோல் எஞ்சின் தன் எரிபொருளின் பெரும்பகுதியை வெறும் வெப்பமாக வீணடிக்கிறதே!

நார்வேயில் 2024-இல் விற்ற புதிய கார்களில் கிட்டத்தட்டப் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார்கள். இங்கே, அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளக் பாயிண்ட் வைக்க, சங்கத்தோடு எட்டு மாதம் மல்லுக்கட்டினேன்.

பொங்கலுக்கு மறுபடியும் மதுரை. மச்சானின் காரில்தான் போகிறோம்.