ஆயா வீட்டுக்கு ஒரு லென்ஸ்

ஜூலை 7, ஞாயிறு

அக்கா வீட்டுக்காரர் புது கேமரா வாங்கிவிட்டார். அவருடைய பழைய நிக்கான் டி3300, கேமராவோடு சேர்த்தே விற்கும் 18-55 மி.மீ. கிட் லென்ஸோடு என்னிடம் வந்து சேர்ந்தது. காலையில் பெங்களூரு அல்சூர் ஏரிப் பக்கம் போய் வள்ளுவர் சிலையை எடுத்தேன். பதினெட்டு வருடம் மூடியே கிடந்து 2009இல் திறக்கப்பட்ட சிலை. வெயிலில் படம் கண்ணாடி போல விழுந்தது.

ராத்திரி ஆயா வீட்டில்தான் மானம் போனது. பத்தடி அறை, ஒற்றை டியூப்லைட். வெளிச்ச உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, 1600 வைத்தும் ஷட்டர் வேகம் 1/15 நொடிக்கு மேல் ஏறவில்லை. லென்ஸில் விஆர் என்ற நடுக்கம் தாங்கும் வசதி இருப்பதால் என் கைநடுக்கம் தெரியவில்லை, ஆயாவும் தெளிவாக இருக்கிறாள். மடியில் இருந்த பாப்பா மட்டும் வெறும் புகை. விஆர் நம் கையைத்தான் பிடிக்கும், நாலு வயசுப் பிள்ளையைப் பிடிக்காது.

ஃப்ளாஷ் போட்டால் ஆயா கண்ணை மூடிக்கொள்கிறாள். ஆக, லென்ஸ். பட்ஜெட் 8,000, அதுவும் செகண்ட் ஹேண்டில்தான்.

ஜூலை 9, செவ்வாய்

எந்த லென்ஸ் வாங்கலாம் என்று ஆபீசில் கேட்ட இடமெல்லாம் ஒரே பதில், 50 மி.மீ.: "50 வாங்கு குரு, கண்ணை மூடிட்டு வாங்கு." கிட் லென்ஸின் துளை 55இல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். இந்த 50 எஃப்/1.8 வரை திறக்கும்; எண் குறையக் குறையத் துளை பெரிது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம். முந்தாநாள் வந்த 1/15 அப்படியே 1/125க்குப் பக்கத்தில் வந்துவிடும். அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசித்திருக்கலாம்.

ஜூலை 13, சனி

4,800 ரூபாய்க்கு 50 மி.மீ. எஃப்/1.8டி. கடைக்காரரிடம் டி3300க்குச் சேருமா என்று கேட்டேன். "நிக்கானுக்கு நிக்கான் சேராதா சார்?" என்றார். சேர்ந்தது. 'டக்' என்று அழகாகப் பூட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்து ஆன் செய்தால் திரையில் எஃப்ஈஈ என்று மின்னுகிறது. அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு தெரிந்தது: லென்ஸிலேயே துளையை மாற்றும் ஒரு அபர்ச்சர் வளையம் இருக்கிறது, அதை 22இல் வைத்துப் பூட்ட வேண்டும். சரி, பூட்டியாயிற்று. இப்போது ஃபோகஸ் ஆகவில்லை. பட்டனை அழுத்தினால் ஒரு சத்தமும் இல்லை.

விஷயம் இதுதான். இந்த 'டி' வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. கேமராவுக்குள் இருக்கும் மோட்டார், லென்ஸ் பூட்டும் மவுண்ட் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குட்டித் திருகு வழியாக லென்ஸைத் திருப்ப வேண்டும். டி3300, டி5300 மாதிரி சின்ன கேமராக்களில் அந்த மோட்டாரே இல்லை. 'ஏஎஃப்-எஸ்' என்று எழுதியிருந்தால் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கும். ஆபீஸ் நண்பனைத் திட்டலாம் என்று போன் எடுத்தேன். அவனிடம் இருப்பது கேனன். 1987இல் ஈஎஃப் மவுண்ட் வந்தபோதே அவர்கள் மோட்டாரை லென்ஸுக்குள் வைத்துவிட்டார்கள். அவன் இந்தக் கவலையே படாதவன். போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

கையால் வளையத்தைத் திருப்பி, ஃபோகஸ் சரி என்று வியூஃபைண்டர் ஓரத்தில் பச்சைப் புள்ளி வந்ததும் அழுத்தினால் படம் பிரமாதம். ஆயாவின் மூக்குத்தி மின்னுகிறது. ஆனால் பச்சைப் புள்ளி வருவதற்குள் பாப்பா சமையலறைக்குப் போய்விடுகிறாள்.

இன்னொன்றும் கவனித்தேன். ஆயாவையும் பாப்பாவையும் சேர்த்து எடுக்க, முதுகு பீரோவில் இடிக்கும் வரை பின்னால் போனேன். போதவில்லை. இந்த கேமராவின் சென்சார் சின்னது, 50 இங்கே 75 மாதிரி வேலை செய்கிறது. எட்டடி தள்ளி நின்றால் படச்சட்டத்துக்குள் வருவது மூன்றே முக்கால் அடி அகலம். 35 மி.மீ. லென்ஸ் என்றால் கிட்டத்தட்ட ஐந்தரை அடி. மோட்டார் உள்ள 50ஐ வாங்கியிருந்தாலும் எனக்கு நியாயமாக இன்னொரு அறை வேண்டும்.

ஜூலை 17, புதன்

மூன்று நாளாக கிட் லென்ஸின் ஜூம் வளையத்தை 35இல் வைத்து இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். காசு செலவில்லாத ஒத்திகை. ஆயா வீடு, சிவாஜிநகர் டீக்கடை, பஸ் ஸ்டாப், எல்லாம் அடங்குகிறது. ஏரிக்கரைக் கொக்குதான் அடங்கவில்லை. போகட்டும், கொக்கு எனக்கு உறவில்லை.

ஜூலை 20, சனி

கடையில் 50ஐத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள், 500 ரூபாய் பிடித்தம். பேரம் பேசத் தெம்பில்லை.

இனி ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப்/1.8ஜி. 2009இல் வந்தது, என்னுடையது மாதிரி சின்ன சென்சார் கேமராக்களுக்கென்றே செய்தது, 200 கிராம்தான். முதலில் பார்த்தது 6,000. மொபைல் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்னாலிருந்து பார்த்தேன்: ஓரத்தில் ஒட்டடை மாதிரி மெல்லிய நூல்கள். பூஞ்சை. மழைக்காலத்தில் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய லென்ஸாக இருக்கும். வேண்டாம் என்றுவிட்டேன்.

இரண்டாவது எம்.ஜி. ரோடு மெட்ரோ வாசலில், 7,500. டார்ச்சில் சுத்தம். பின்பக்கக் குட்டி நெம்புகோலை நகர்த்திப் பார்த்தேன், அபர்ச்சர் இதழ்கள் ஒட்டாமல் சட்டென்று மூடித் திறந்தன. என் கேமராவிலேயே மாட்டி ஃபோகஸ் ஆகிறதா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுத்தேன். முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது, படத்தில் தெரியவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அதே டியூப்லைட். 1/125. பாப்பா முறுக்கு கடிக்கிறாள், ஆயா அவள் தலையில் பேன் பார்க்கிறாள், இரண்டு பேரும் தெளிவு. முதல் பத்து படத்தில் பாதி வீண், எஃப்/1.8இல் ஒரு மீட்டர் தூரத்தில் ஆறு சென்டிமீட்டர்தான் தெளிவாக நிற்கும், எனக்கு முறுக்கில் ஃபோகஸ் விழுந்துவிட்டது. அப்புறம் பழகியது.

நல்லதாக ஒன்றைப் பெரிதாக்கி ஆயாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பின்னால முருகர் படம் ஏன்டா கலங்கலா இருக்கு?"

அதுதான் அழகு ஆயா என்றேன். எடுபடவில்லை. எஃப்/8க்கு மாற்றி மறுபடி எடுத்தேன். முருகர் ஓரளவு தெரிந்தார். பாப்பா புகையாகிவிட்டாள்.