ஐப்பசி, கார்த்திகை: கல்கத்திக் குறிப்பு

நவம்பர் 9, 2024, சனி

கத்திக்கான கல்லை உரிக்கும் முன் சுட்டுப் பதப்படுத்தும் சட்டியைத் திறந்தாயிற்று. மணலில் புதைத்த அகேட் (மணி செய்யும் கெட்டிக் கல்) துண்டு ஆறில் ஐந்து தேறியது. ஆறாவதில் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக ஒரு வில்லை தெறித்து, மூடி கழன்றதுபோல் குழி. உள்ளே ஈரம் இருந்திருக்கிறது. 100 டிகிரியில் ஓர் இரவு வைத்தது போதவில்லை. அடைமழைக் காலத்தில் இரண்டு இரவாவது வேண்டும். அதற்குப் பிறகு செய்ததில் குறையில்லை: மணிக்கு 40 டிகிரிக்கு மேல் ஏற்றாமல் 300 வரை, அங்கே நான்கு மணி நேரம், பிறகு மூடியைத் தொடாமல் ஒரு முழு நாள்.

மஞ்சள் கீற்றெல்லாம் செம்பழுப்பாகிவிட்டது, கல்லில் உள்ள இரும்பின் வேலை. மேல்தோல் மங்கலாகவே இருக்கிறது, ஆனால் ஓரத்தில் ஒரு சில்லு தட்டிப் பார்த்தால் உட்பக்கம் மெழுகு தடவியதுபோல் மின்னுகிறது. இந்த மினுக்கம் வந்தால்தான் சூடு சரியாக ஏறியதாக அர்த்தம். குஜராத்தின் கம்பாத்தில் மணி செய்கிறவர்கள் கல்லை மாதக்கணக்கில் வெயிலில் போட்டுவிட்டுத்தான் சட்டியில் சுடுவார்கள். நமக்கு இங்கே ஐப்பசி வெயில்.

நவம்பர் 10

கல்லின் ஓரத்தைச் சாணைக்கல்லால் தேய்க்காமல் அடித்தால் சில்லு வராது, ஓரம்தான் நொறுங்கும். உடைந்த சாணைக்கல் துண்டு எப்போதும் இடது முழங்கால் பக்கம்.

நவம்பர் 12, செவ்வாய்

திமில். கத்தியின் வலது முகத்தின் நடுவில் பட்டாணி அளவு மேடு. ஓரத்திலிருந்து ஓடிவரும் ஒவ்வொரு சில்லும் அதன் அடிவாரத்தில் படி மாதிரி நின்று முறிகிறது. முதல் படி ஏன் விழுந்தது என்பதில் சந்தேகமில்லை. எந்த முகத்தில் சில்லு உரிக்க வேண்டுமோ அந்த முகத்தை ஒட்டி ஓரம் இறங்கியிருக்க வேண்டும். இது எதிர்முகத்துப் பக்கம் ஏறி இருந்தது. ஓரத்தின் கோணமும் 90-ஐ நெருங்கிவிட்டது. 60, 70-க்குள் இருந்தால்தான் விசை கல்லின் முகத்தோடு வழுக்கிக்கொண்டு போகும்.

அதைவிடப் பெரிய தப்பு, அதே இடத்தில் இன்னும் ஓங்கி அடித்தது. படிமேல் படி விழுந்து திமில் கெட்டிப்பட்டதுதான் மிச்சம்.

இனி அந்தப் பக்கம் தொடுவதில்லை. எதிர் ஓரத்தில் ஒரு சின்ன மூக்கு விட்டு, அதன் இரு பக்கமும் கொறித்து ஒதுக்கி, மூக்கை மட்டும் நன்றாகத் தேய்த்து, அங்கிருந்து ஒரே அடி. சில்லு திமிலுக்கு அடியில் புகுந்து தூக்கிக்கொண்டு வர வேண்டும். தப்பினால் கத்தி குறுக்கே இரண்டாகும். 9.5 செ.மீ. நீளம், இப்போது 11 மி.மீ. கனம்.

நவம்பர் 13

திருவக்கரைக் கல்மரத்தில் (கல்லாகிப்போன பழங்கால மரம்) கத்தி செய்யலாமா என்று மறுபடி ஒரு கேள்வி. கூடாது. உடைப்பது மட்டுமல்ல, அங்கே கிடக்கும் துணுக்கைப் பொறுக்குவதும் கூடாது. இரண்டு கோடி வருஷம் பழையது, பாதுகாக்கப்பட்ட இடம். பழக வேண்டும் என்றால் பீர் பாட்டில் அடிப்பாகம் போதும். கண்ணாடியும் இதே விதிப்படிதான் உடைகிறது.

நவம்பர் 14

திமில் போயிற்று. ஒரே சில்லு, கட்டைவிரல் நகம்போல, அதன் முதுகில் திமில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

நவம்பர் 15, வெள்ளி

இனி அழுத்தி உரிப்பது மட்டும். வேப்பங்கோலில் செருகிய 6 மி.மீ. செம்புக் கம்பி. மான்கொம்பு கேட்காதீர்கள், 1972 வன உயிரினச் சட்டம் இருக்கிறது. செம்பு முனை மழுங்கும், பத்து அழுத்துக்கு ஒருமுறை அரத்தால் தீட்டினால் ஆயிற்று. முதலில் உள்நோக்கி அழுத்தம், கம்பி ஓரத்தைக் கவ்விய பிறகுதான் கீழ்நோக்கி. வரிசை மாறினால் ஓரம் பொடியாகும்.

வெளியே, காற்று முதுகுப் பக்கம் வரும்படி உட்கார வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, என்-95 முகமூடி, மடியில் தோல், கீழே தார்ப்பாய். அந்த வெள்ளைத் தூசு நுரையீரலில் தங்கினால் திரும்ப வராது. வீட்டுக்குள் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும்.

கனம் 7 மி.மீ. எடை 27.2 கிராம்.

நவம்பர் 17

பிடி: பண்ருட்டி பலா, வைரப் பகுதி (மரத்தின் நடுக் கெட்டி), 11 செ.மீ., 22.6 கிராம். சவுக்கு இங்கே எங்கும் கிடைக்கும், ஆனால் காயும்போது முனையிலிருந்து வெடித்துக்கொண்டு வரும். பலா அப்படிப் படுத்தாது. வாயில் 28 மி.மீ. ஆழத்துக்கு வாள் அறுப்பு, பிறகு கத்தியின் அடி உட்காரும்படி அரம். சுற்றிலும் ஒரு மி.மீ. பசைக்கு இடம். அடிப்பாகத்தின் இரு ஓரத்தையும் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். இதை விட்டால் கத்தி தன்மேல் சுற்றும் நரம்புக் கட்டைத் தானே அறுத்துவிடும்.

நவம்பர் 19

பசை. நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியம் 60 கிராம், தேன்மெழுகு 12, துணியில் சலித்த கரித்தூள் 20, உலர்ந்த சாணித் தூள் ஒரு சிட்டிகை (நார் இருந்தால் விரிசல் ஓடாது). நேர்த் தீயில் வைக்கக் கூடாது, பற்றிக்கொள்ளும். தணல்மேல் தோசைக்கல், அதன்மேல் கிண்ணம். கொதிக்கவிட்டால் ஆறியபின் கண்ணாடியாய் நொறுங்கும். ஒரு சொட்டு கல்லில் விட்டு ஆறியதும் நகத்தால் அழுத்த வேண்டும்: தெறித்தால் மெழுகு போதாது, பள்ளம் விழுந்தால் மெழுகு கூடிவிட்டது. மிச்சத்தைக் குச்சியில் பந்தம்போல் சுற்றி வைத்தாயிற்று.

நவம்பர் 20, புதன்

பசை வைத்துப் பிடியில் செருகிய கத்தி கழன்றுவிட்டது. லேசாக ஆட்டியதும் கத்தி முழுசாகக் கையோடு வந்தது. பிடியின் பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் கறுப்புப் பசையில் கல்லின் ஒவ்வொரு சில்லுத் தழும்பும், அலை அலையான வரிகள்கூட, அச்சு எடுத்ததுபோல் பளபளவென்று. பசை கல்லைத் தழுவியிருக்கிறது, பிடிக்கவில்லை. கல் குளிர்ந்திருந்தது, மேலே ஈரப்பதம். சூடான பசை பட்ட மாத்திரத்தில் உறைந்துவிட்டது.

நவம்பர் 21

கத்தியைத் தணலுக்கு ஒரு முழம் தள்ளி வைத்து, தொட்டால் சுடும் வரை மெதுவாகச் சூடாக்கிய பிறகு பசை. இம்முறை பிடித்தது. பசை 6.8 கிராம்.

மேலே நரம்புக் கட்டு. கசாப்புக் கடையில் தசைநாண் என்றால் விழிப்பார்கள், “பாய், மாட்டுக் கால் நரம்பு” என்றால் கிடைக்கும். தீபாவளிக்கு மறுநாள் வாங்கி உலர்த்தியது. வழவழப்பான குழவியால் தட்டித் தட்டி நார் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துச் சுற்ற வேண்டும். முடிச்சே வேண்டாம், தானே ஒட்டிக்கொள்ளும், காயக் காய இறுகும். பனைநாரை ஈரமாகக் கட்டினால் நேர்மாறு, காய்ந்ததும் தொளதொளத்துவிடும். நரம்பு உலர்ந்த எடை 2.7.

ஆக எல்லாம் காய்ந்தால் 59.3 வர வேண்டும். இப்போது நகைத் தராசில் 61.4.

நவம்பர் 22

60.7.

நவம்பர் 24

60.2.

நவம்பர் 26

60.1. மழை. துணி எதுவும் காயவில்லை.

நவம்பர் 28, வியாழன்

60.3. ஏறுகிறது! பிடியும் நரம்பும் காற்றிலிருந்தே நீரைக் குடிக்கின்றன.

மேலே அரக்குப் பூசி அடைத்துவிடலாமா? பூசினால் இந்த ஒரு கிராம் ஈரம் உள்ளேயே தங்கி நரம்பு அழுகும், பூசணம் பிடிக்கும். பூசாமல் விட்டால் வருகிற புயலில் கட்டு தளரும், தளர்ந்த நரம்பு பிறகு அதே இறுக்கத்துக்கு வராது. அடுப்பருகே வைத்தால் குங்கிலியம் இளகும். விசிறிக் காற்றும் ஈரக் காற்றுதான். காலையிலிருந்து இதே யோசனை.

இரவு 9: ஒரு கிலோ அரிசியை வெறும் வாணலியில் சிவக்க வறுத்து, முழுக்க ஆறவிட்டு, எவர்சில்வர் தூக்கில் கொட்டி நடுவில் கத்தி. அரிசி சூடாக இருந்தால் பசை போய்விடும், அதனால் கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் கொட்டினேன். மூடியைச் சுற்றி மெழுகு.

நவம்பர் 30

காற்று. மின்சாரம் இல்லை. தூக்கைத் திறக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

ஃபெஞ்சல் புயல் நேற்று ராத்திரி கரையேறியும் நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் 40 செ.மீக்கு மேல் மழை. தெருவில் முழங்கால் நீர். தூக்கு பரணில்.

டிசம்பர் 3

வெளிச்சத்தில் திறந்தேன். 59.6. நரம்புக் கட்டைத் தட்டினால் மரம்போல் ‘டக்’கென்கிறது, நார் இழை கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிகிறது. நுனியைப் பிடித்து ஆட்டினால் அசைவில்லை.

இன்னும் 0.3 இருக்கிறது. அரிசியை மறுபடி வறுத்துப் போட்டாயிற்று.

டிசம்பர் 4

59.4. அரக்கு இன்னும் பூசவில்லை.