நாலு நாற்பது தாழ்ப்பாள்

இன்று காலை என் நாய்க்குட்டி சங்கு 5.55 வரை தூங்கினான். தொடர்ந்து மூன்றாவது நாள். இதற்கு முன் இரண்டு முறை அவசரப்பட்டு மார்தட்டி மூக்குடைபட்டிருக்கிறேன். அதனால்தான் மூன்று நாள் பொறுத்திருந்து எழுதுகிறேன்.

சங்கு ராஜபாளையம் குட்டி. பிறந்த 56-ஆம் நாள், டிசம்பர் 5 அன்று வீட்டுக்கு வந்தான். இன்றைக்கு 92 நாள். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு ரோஸ். வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் உண்டு என்பதால், வாங்கும்போது ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பார்த்தேன். இவன் தலையைச் சட்டென்று திருப்பினான். "கேக்குது, இதையே குடுங்க" என்று பெருமையாகத் தூக்கி வந்தேன். அந்தக் காதுதான் பிறகு என் தூக்கத்தைக் கெடுத்தது.

இரவில் கூண்டுக்குள் படுக்கப் பழக்கிய கதையைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கதவைத் திறந்து வைத்து உள்ளே சாப்பாடு, அப்புறம் ஒரு நிமிடம் சாத்துவது, அப்புறம் ஐந்து நிமிடம். எல்லாரும் செய்வதுதான். முதல் இரண்டு இரவு ஊளை. கூண்டை என் கட்டிலை ஒட்டிப் போட்டு, கம்பி வழியாக விரலைக் கொடுத்தபடி படுத்தேன். குட்டியை வாங்கிய இடத்தில் தாய் படுத்திருந்த சாக்கில் ஒரு துண்டு கேட்டு வாங்கி வந்திருந்தேன், அதை உள்ளே போட்டதும் பாதி அழுகை நின்றது. மூன்றாம் நாளே அதைப் பிய்த்து நார் நாராகத் தின்னத் தொடங்கியதால் எடுத்துவிட்டேன். சணல் நார் குடலில் சிக்கினால் வம்பு. இப்போது கிடப்பது பழைய பவானி ஜமக்காளம். அதன் ஓரத்தைக் கடித்து அவன் பல்தான் ஓய்ந்தது.

கூண்டைப் பற்றி ஒரு வார்த்தை. 42 அங்குலம், மடக்குகிற கம்பிக் கூண்டு, நடுத்தடுப்போடு. வளர்ந்த ராஜபாளையம் 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் வரும் என்பதால் இப்போதே பெரிதாக வாங்கிவிட்டு, எழுந்து திரும்பிப் படுக்கிற அளவுக்கு மட்டும் இடம் விட்டுத் தடுப்பை வைத்திருக்கிறேன். இடம் தாராளமாக இருந்தால் ஒரு மூலையில் போய்விட்டு மறு மூலையில் படுத்துக்கொள்வான். ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே ஆனது. தெரிந்த வெல்டிங் பட்டறையில் இன்னும் கனமாக, இன்னும் மலிவாகச் செய்து தருவதாகச் சொன்னார்கள். ஆனால் பெயின்ட் அடித்துத்தான் தருவேன் என்றார்கள். கம்பியை நக்கிக் கடிக்கிற வயதில் பெயின்ட் வேண்டாம் என்று விட்டேன். பெரியவன் ஆனதும் வெளியே வைக்க ஒன்று அங்கேதான் செய்யச் சொல்லப்போகிறேன், கம்பி இடைவெளி ஒரு அங்குலத்துக்கு மேல் போகாமல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் பத்து நாளில் இரவு கணக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. பத்தரைக்கு ஒரு தடவை கொல்லை, நடுச்சாமம் இரண்டு மணிக்கு ஒரு தடவை, காலையில் ஐந்தரை. இரண்டு மாதக் குட்டிக்குப் பகலில் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது, இரவில் தூங்கும்போது கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆக எல்லாம் கணக்குப்படிதான் போய்க்கொண்டிருந்தது. தடுப்பூசி முடியாததால் தெருவுக்கு அழைத்துப் போவதில்லை. நாய்க்குட்டிகளைத் தாக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். அதனால் எல்லாம் கொல்லையிலேயேதான்.

மார்கழி பிறந்தது. டிசம்பர் 16 காலை 4.40-க்கு எழுந்து குய்யோ முறையோ என்று கத்தினான். மறுநாளும் 4.40. அதற்கடுத்த நாளும். இரண்டு மணிக் கொல்லைப் பயணம் தானாகவே குறைந்து நின்றுபோனது, இந்த 4.40 மட்டும் அசையவில்லை. கூண்டை விட்டு வெளியே விட்டால் பேருக்கு இரண்டு சொட்டு விட்டுவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு என் லுங்கியைப் பிடித்து இழுப்பான். அவசரத்துக்கு எழுந்தவன் செய்கிற வேலையா இது?

நான் முதலில் சந்தேகப்பட்டது கோயில் ஒலிபெருக்கியை. நாலேகாலுக்கெல்லாம் ஆரம்பித்துவிடுகிறார்கள். மதுரையில் மார்கழி என்றால் எந்தத் தெருவிலும் தப்ப முடியாது. இரண்டாவது சந்தேகம் வெளிச்சம். ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு நேராகக் கூண்டில் விழுகிறது. அதற்கு அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை ஒன்றை எடுத்து மூன்று பக்கம் போர்த்தினேன். நம் ஊர்ப் புழுக்கத்துக்குப் போர்வையெல்லாம் சரிவராது, பருத்திச் சேலைதான் காற்று விடும். ஆனால் வெளிச்சத்தையும் சேர்த்து விட்டது. ஜன்னல் பக்கத்துக்கு மட்டும் பழைய குடையைப் பிரித்துக் கறுப்புத் துணியை உள்ளே வைத்து ஊசிநூலால் தைத்தேன். ஒரு மாலை முழுக்கப் போனது.

மறுநாள் டிசம்பர் 20. சங்கு 5.50 வரை தூங்கினான்! 21-ஆம் தேதியும். 22-ஆம் தேதியும். குடைத்துணியின் மகிமையைப் படம் எடுத்துத் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் அனுப்பினேன். ஒருத்தர் குடையைக் கிழித்தே விட்டார் என்று கேள்வி.

23-ஆம் தேதி காலை 4.40. குடைத்துணி இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மதுரையில் மார்கழிக் கடைசியில் சூரியன் எழவே ஆறரை ஆகிவிடும். நாலே முக்காலுக்கு ஏது விடியல் வெளிச்சம்? தெருவிளக்கோ இரவு முழுக்க ஒரே மாதிரிதானே எரிகிறது. கோயில் பாட்டு 20, 21, 22 தேதிகளிலும் பாடியதே, அப்போது ஏன் எழவில்லை? அந்த மூன்று நாள் மட்டும் வீட்டில் என்ன இல்லை?

அம்மா இல்லை. திருநெல்வேலியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு 22-ஆம் தேதி இரவு திரும்பினார்.

25-ஆம் தேதி நான்கு மணிக்கே எழுந்து இருட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். 4.15-க்குப் பாட்டு. சங்குவின் ஒரு காது அசைந்தது, அவ்வளவுதான். 4.30-க்கு அம்மா எழுந்து விளக்குப் போட்டார். காது அசையக்கூட இல்லை. தண்ணீர் பிடிக்கிற சத்தம், அதற்கும் ஒன்றுமில்லை. 4.39-க்கு, கோலம் போடுவதற்கு முன் வாளி எடுக்க, அம்மா கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தார். டடக். குட்டி சுருளை விரித்ததுபோல் எழுந்து நின்று கூண்டுக் கதவையே பார்த்தான். அரை நிமிடம் பார்த்தான். கதவு திறக்கவில்லை. கத்தினான்.

எழுந்து போய்க் கூண்டின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தேன். டடக். கொல்லைக் கதவினுடையதும் டடக். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கம்பித் தாழ்ப்பாள் தகரத்தில் உரசி, கடைசியில் முட்டுகிற அதே இரட்டைச் சத்தம். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவன் கேட்ட டடக் ஒவ்வொன்றுக்கும் பிறகு ஏதோ நல்லது நடந்திருக்கிறது: கொல்லை, சாப்பாடு, மடி. நானேதான் தினமும் பத்துத் தடவை அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். மார்கழிக்கு முன் அம்மா எழுவது ஐந்தரைக்கு. அவனும் அப்போது ஐந்தரைக்குத்தான் எழுந்தான். பிள்ளை கணக்குப்படி எழுகிறான் என்று நான்தான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

இங்கிருந்து பதினைந்து நாளாக என் வாழ்க்கை தாழ்ப்பாளைச் சுற்றியே போகிறது.

முதல் வேலை, கொல்லைக் கதவு. "அந்தத் தாழ்ப்பாளுக்குத் துணி சுத்தட்டுமாம்மா?" என்றேன். "சத்தம் வந்தாத்தானடா பூட்டுனதே தெரியும், சும்மா கிட" என்று முடித்துவிட்டார். ஏற்கெனவே அவருக்குக் கூண்டின் மேலேயே கோபம். "பச்சப் பிள்ளையக் கொண்டாந்து ஜெயில்ல போட்டுருக்க" என்பது தினசரி அர்ச்சனை. மேற்கொண்டு பேசவில்லை.

ஆக, மாற வேண்டியது கூண்டின் தாழ்ப்பாள். தேங்காய் எண்ணெய் விட்டேன். உரசல் போனது, முட்டுகிற சத்தம் போகவில்லை. மறுநாள் காலை எறும்பு வரிசை கட்டி ஜமக்காளம் வரை வந்துவிட்டது. துடைத்துவிட்டு மெழுகுவத்தி தேய்த்தேன், இரண்டு நாளில் தூசி ஒட்டி இன்னும் இறுகியது. கடைசியில் பென்சில். 6பி பென்சிலை வாங்கிக் கம்பி முழுக்க நன்றாகக் கறுக்கும் வரை தேய்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, எறும்பும் வராது. முட்டுகிற இடத்துக்குச் சைக்கிள் டியூப். பஞ்சர் கடைக்காரர் காசு வாங்கவில்லை. ஒரு அங்குல நீளத்தில் குழாயாக வெட்டிக் கம்பியில் மாட்டினால் தடித்துப்போய் வளையத்துக்குள் நுழைய மாட்டேன் என்கிறது. வளையத்தின் உள்பக்கம் ஒட்டினால் பசை நிற்கவில்லை. நாலாவது முயற்சியில் கைப்பிடி வந்து தட்டுகிற இடத்தில், கைப்பிடிக்கு மட்டும், அரை அங்குலத் துண்டை மாட்டினேன். 'டடக்' போய் 'தப்' வந்தது. அந்தத் 'தப்'பைக் கேட்க நள்ளிரவில் சும்மாவே நாலு தடவை திறந்து மூடினேன்.

ஆனால் கொல்லைக் கதவு டடக் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறது? அதற்கு மருந்து, பாடத்தை மறக்கடிப்பது. பகலில் அவன் விழித்திருக்கும்போது, படுத்திருக்கும்போது, எலும்பு கடிக்கும்போது, நான் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை இழுத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போய்விடுவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை. முதல் நாள் முப்பது தடவையும் ஓடி வந்தான். மூன்றாம் நாள் தலையை மட்டும் தூக்கினான். ஐந்தாம் நாள் ஒரு காது. பக்கத்து வீட்டு அண்ணன் மதில் வழியாக எட்டிப் பார்த்து, "தம்பி, கதவுல எதும் கோளாறா?" என்று கேட்டார்.

கூடவே அலாரம். டிசம்பர் 29 முதல், அவன் எழுவதற்கு முன்னால், 4.20-க்கு நானே எழுப்பி, விளக்குப் போடாமல், பேசாமல், கொல்லைக்குக் கூட்டிப்போய்த் திரும்பப் படுக்க வைத்தேன். கத்திக் கதவைத் திறக்க வைக்கிற வாய்ப்பே அவனுக்குக் கிடைக்கக்கூடாது என்பதுதான் யோசனை. இரண்டு நாளைக்கு ஒரு தடவை பதினைந்து நிமிடம் தள்ளினேன். 4.35, 4.50, 5.05. ஐந்தே காலைத் தாண்டும்போது ஒருநாள் மட்டும் அவன் முந்திக்கொண்டான், அன்று அழுகை நின்று பத்து எண்ணும் வரை பொறுத்துத் திறந்தேன். காலைச் சாப்பாட்டையும் எழுந்த உடனே கொடுக்காமல் ஏழு மணிக்கு மாற்றிவிட்டேன். வயிறும் ஒரு கடிகாரம்தான், அஞ்சு மணிக்குப் போட்டால் அஞ்சு மணிக்குக் கேட்கும்.

இதில் என் தரப்பில் ஒரே துரோகம் அம்மா வழியாக நடந்தது. கோலம் போட்டுவிட்டு வந்து, கம்பி வழியாக ரஸ்க் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜமக்காளத்தில் தூளைப் பார்த்துக் கேட்டேன். "அது கேட்டுச்சு, குடுத்தேன்" என்றார்.

அடுத்து நடுத்தடுப்பை ஒரு கம்பி பின்னால் தள்ள வேண்டும், தூங்கும்போது கால் இடிக்கிறது. அடுத்த வாரம் ரேபிஸ் ஊசி. தை பிறந்து அம்மா மறுபடி ஐந்தரைக்கு மாறியதும் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஹாலுக்கு நகர்த்தப் பார்க்கிறேன், ஒரு நாளைக்கு ஒரு அடி.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே படுக்கையறையில் டடக் என்று கேட்டது. கொல்லைக் கதவு இல்லை. போய்ப் பார்த்தால் கூண்டுத் தாழ்ப்பாளில் டியூப் துண்டைக் காணோம். விழுங்கிவிட்டானோ என்று பதறி, வாயைத் திறந்து, ஜமக்காளத்தை உதறி, டாக்டருக்குப் போன் போடக் கையில் எடுத்துவிட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து வந்து அஞ்சறைப் பெட்டி மேலிருந்து கறுப்பாக ஒன்றை எடுத்து நீட்டினார்.

"பகல்ல அதைப் படுக்கப் போட்டுப் பூட்டுறேன், பூட்டுச்சா இல்லையான்னே தெரியல. அதான் கழட்டி வச்சேன்."