ரோட் ஐலண்ட் ஜானிகேக்: மஞ்சளாக வந்தால் எழுந்துவிடுங்கள்

அமெரிக்க மாநிலமான ரோட் ஐலண்டில், நெடுஞ்சாலை ஓரக் கடைகள் சிலவற்றில் மஞ்சள் மக்காச்சோள மாவில் சர்க்கரையைக் கொட்டி, பேக்கிங் பவுடரால் உப்பவைத்த பான்கேக்கையே ஜானிகேக் என்று தலையில் கட்டிவிடுகிறார்கள். காசுக்குப் பிடித்த கேடு! ரோட் ஐலண்டின் அசல் ஜானிகேக், வெள்ளை மக்காச்சோள மாவில் கல்லில் சுட்ட அடை. உப்பவே உப்பாது.

மாவுக்கு மாநிலத்தின் தெற்கே உஸ்குவபாக் கிராமத்துக்குப் போகலாம். அங்குள்ள கென்யன் ஆலையின் வரலாறு 1696இல் தொடங்குகிறது. இப்போதைய கட்டடம் 1886இல் எழுந்தது. கருங்கல் திரிகையில்தான் இன்றும் அரைக்கிறார்கள். ஆம்ட்ராக் ரயில் கிங்ஸ்டன் வரைக்கும்தான். மிச்சமுள்ள சில மைலுக்கு டாக்சி என்றால் நாலு பேர் பங்கு போட்டால்தான் கட்டுப்படியாகும். பையில் 'வொய்ட்கேப் ஃபிளின்ட்' என்று இருந்தால் விலை கூடுதல். நாரகான்செட் பழங்குடியினர் வளர்த்த கெட்டிச் சோள வகை அது, வாசனைக்காகவே கொடுக்கலாம். கடையில் 'கார்ன்ஃப்ளோர்' என்று விற்கும் வெள்ளைப் பொடி வெறும் மாச்சத்து, இதற்கு உதவாது.

தெற்குப் பக்கத்துப் பக்குவம் தடிமன். ஒரு கப் மாவு, அரை டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சர்க்கரை. இதன்மேல் ஒன்றேகால் கப் தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கிளற வேண்டும். கொழுக்கட்டை மாவுக்குச் சொல்லும் அதே காரணம்தான்: கோதுமைபோல இழுத்துப் பிடிக்கும் பசை இதில் கிடையாது, மாவு வெந்து ஒட்டினால்தான் உண்டு. வெந்நீர் ஆறியிருந்தால் உள்ளே நறநறக்கும், திருப்பும்போது விண்டுபோகும். பத்து நிமிடம் ஊறியபின் மூன்று நான்கு டேபிள்ஸ்பூன் பால் விட்டுத் தளர்த்துங்கள். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகக் கூடாது, தட்டினால் விழ வேண்டும்.

வார்ப்பிரும்புக் கல்லில் பன்றிக்கொழுப்போ வெண்ணெயோ தாராளமாகத் தடவி, மூன்று அங்குல வட்டமாக வையுங்கள். மிதமான சூட்டில் ஆறு நிமிடம் கை வைக்காதீர்கள். பாதிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்: அவசரப்பட்டுத் திருப்பினால் மொறுமொறுப்பெல்லாம் கல்லோடு நின்றுவிடும். ஓரம் பழுப்பேறித் தானாக விடும்போது திருப்பி, இன்னும் ஐந்து நிமிடம்.

நியூபோர்ட் பக்கத்தில் வெந்நீரே கிடையாது. ஒரு கப் மாவுக்கு ஒன்றேமுக்கால் கப் குளிர்ந்த பால். ரவா தோசைபோல மெல்லிசாக, ஓரமெல்லாம் சல்லடைக் கண். மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு கரண்டிக்கும் கலக்க வேண்டும். பார்க்க அழகு, சாப்பிட தெற்கத்தியதே மேல்.

1796இல் ஹார்ட்ஃபோர்டில் அச்சான அமீலியா சிம்மன்ஸின் சமையல் நூலில் வரும் ஜானிகேக்குக்குச் சுடும் கல்லே இல்லை. மூன்று பைன்ட் சோள மாவு, அரை பைன்ட் கோதுமை மாவு, காய்ச்சிய பால் ஒரே ஒரு பைன்ட். இந்தக் கெட்டி மாவை அடுப்பு நெருப்பின் எதிரே வைத்துச் சுடச் சொல்கிறார்.

மேலே வெண்ணெய் போதும். மேப்பிள் சிரப்புக்குத் தனியாகக் காசு கேட்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். முளை நீக்காமல் அரைத்த மாவில் எண்ணெய் இருப்பதால் வெளியே வைத்தால் காறிப்போகும். ஊருக்குக் கொண்டுவந்ததும் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.