பயறு முளைக்கும் டைம்லைன்: ஆண்டு 5 அறிவியல், பினாங்கு

ஏப்ரல் 6

நாளை கணினி அறை. பயறு முளைப்பதைப் பிள்ளைகள் குழுவாகக் காணொளியாகத் தொகுக்க வேண்டும். அதற்கான மென்பொருள் ஷாட்கட். இலவசம், இணையமோ கணக்கோ தேவையில்லை, முடித்த காணொளியில் முத்திரையும் விழாது. பழைய கணினி திணறினால் முன்னோட்ட அளவை 360க்கு இறக்கினால் போதும், இறுதித் தரம் குறையாது.

குழுவுக்கு ஒரு கோப்புறை. பென்டிரைவில் உள்ளதை அதற்குள் நகலெடுத்த பிறகே மென்பொருளைத் திறக்கலாம். சேமிக்கும் எம்எல்டி கோப்பில் படம் இருக்காது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இருக்கும். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு போனால் மறுநாள் படங்களைக் காணோம் என்று மென்பொருள் கேட்கும்.

ஏப்ரல் 7

பச்சைப்பயறு முளைப்பது ஆறு துண்டுகளாக: விதை ஊறிப் பருப்பது, தோல் வெடிப்பது, வேர் நீள்வது, தண்டு வளைந்து மேலெழுவது, விதையிலை விரிவது, முதல் இலை. வரிசை கலைத்து, கோப்புகளுக்கு நிறப் பெயர் மட்டும். எண் இருந்தால் எண்ணைப் பார்த்தே அடுக்கிவிடுவார்கள்.

இந்த ஒரு வேலைக்காகவே இம்மென்பொருள் வகுப்புக்கு வரவேண்டும். "முதலில் வருவது வேர்" என்று தாளில் தப்பில்லாமல் எழுதும் பிள்ளை, டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) இலையை முன்னால் வைத்துவிடுகிறது. மண்ணுக்கு மேலே தெரிவதுதானே அதற்குப் பழக்கம். ஆசிரியர் உடனே திருத்தக்கூடாது. ஓடவிட்டு, "வேர் பிடிக்காமல் தண்டு எப்படி நிமிரும்?" என்று மட்டும் கேட்க வேண்டும். துண்டை இழுத்து மாற்றும் கை பிள்ளையுடையதாகவே இருக்கட்டும்.

ஏப்ரல் 9

குரல் முதலில், படம் பிறகு. 60 வினாடிக்கு 80 சொல். மிஞ்சினால் பிள்ளைக்கு மூச்சு வாங்கும். விசிறியை நிறுத்தி, கைப்பேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து, தகரக்கூரையில் மழை இறங்குமுன் காலையிலேயே பதிவு. ஒலிமானி -6 டெசிபலைத் தாண்டாவிட்டால் குரல் கரகரக்காது.

ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு "ஏனென்றால்" இருக்கவேண்டும் என்பது விதி. அது இல்லாவிட்டால் படத்தில் தெரிவதையே வாயும் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஏப்ரல் 10

எஸ் விசை துண்டைப் பிளக்கும். இசட் நீக்கி, இடைவெளி விடும். எக்ஸ் நீக்கி, இடைவெளியை மூடும். குழப்பம் எக்ஸில்தான்: படத்தடம் முன்னால் நகரும், குரல்தடம் அசையாது, "வேர்" என்னும்போது இலை தெரியும். குரல் வைத்தாகிவிட்டதென்றால் இசட் போதும், அடுத்த துண்டின் ஓரத்தை இழுத்து இடைவெளியை நிரப்பலாம்.

டிசால்வ் (ஒரு படம் மங்க மங்க அடுத்தது தெளிவது) இப்போதைக்கு வேண்டாம். துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால்தான் அது வரும், ஏற்றிய அளவு நேரமும் குறையும்.

ஏப்ரல் 13

தலைப்பெழுத்துக்கு யூனிகோடு எழுத்துரு, நோட்டோ சான்ஸ் தமிழ் நல்லது. பழைய எழுத்துருவில் தட்டிய பாடக்குறிப்பை ஒட்டினால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும்; மறுபடி தட்டுவதே சுலபம்.

முடித்த காணொளியை ஏற்றுமதி செய்வது எம்பி4 கோப்பாக, 1280க்கு 720. பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது இதைத்தான். எம்எல்டியை மட்டும் கொண்டுபோனால் அம்மாவின் கைப்பேசியில் ஓடாது.

மதிப்பெண் 10: வரிசைக்கு 4, குரலில் சொன்ன காரணத்துக்கு 4, வெட்டின் சுத்தத்துக்கு 2. பின்னணி இசைக்கு எதுவுமில்லை.